ஆளுக்கு ஒரு ஆள்

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என்னை "மருமகளே" என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். வார்னிஷ் ஏறிக் கறுத்துப்போன கை, நரைத்த மீசை, முன்னால் தள்ளிய தொந்தி. இந்த லட்சணத்தில் இருக்கிற என்னைப் பார்த்து, செம்புக் கம்பி கொண்டுவரும் வண்டிக்காரன் தெருமுனையிலிருந்தே, "மருமகளே, சரக்கு வந்திருக்கு, இறக்கிக்கிறியா?" என்று கத்துகிறான். எதிர்க்கடை டயர்க்காரர் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே, "மருமகளே, மாமியார் இன்னைக்கு எப்படி?" என்று விசாரிக்கிறார். பல வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் என் அக்கா செய்த வேலை. அவளுடைய வாசிப்புக் கூட்டத்தில் எத்தனையோ புத்தகம் படித்தாயிற்று. ஒரு தடவையாவது எனக்கு ஒரு ஆம்பளையைக் கொடுத்தாளா என்றால் இல்லை. மருமகள், மருத்துவச்சி, புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த நாத்தனார், இரண்டு வரியில் வந்து போகிற வேலைக்காரி. இதுதான் எனக்கு வாய்த்தது.

தலையும் புரியாமல் வாலும் புரியாமல் இருக்கும். முதலிலிருந்தே சொல்கிறேன்.

அக்கா பெரிய ஆஸ்பத்திரியின் துணி அறையில் வேலை பார்க்கிறாள். கட்டில் விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறைப் பச்சைத் துணி எல்லாம் வார்டுகளிலிருந்து மூட்டையாக அங்கே வந்து விழும். ஒரு பக்கம் துவைக்கிறவர்கள், நடுவில் உலர்த்தும் மெஷின், மறுபக்கம் மடிக்கிறவர்கள். அக்கா மடிக்கிற பக்கம். ஆள் குட்டை. கூட்டத்தில் அவளைத் தேட வேண்டுமானால் குரலை வைத்துத்தான் தேட வேண்டும். அவளோடு ஜோடியாக மடிக்கிறவள் பெயரே நெட்டை. அவளுக்கு வேறு பெயர் உண்டு, ஆனால் சம்பளம் கொடுக்கிற இடத்தில்கூட நெட்டை என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

கட்டில் விரிப்பை ஒருத்தி தனியாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, நடுவில் மடித்து, ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்துவந்து, தன் முனையை மற்றவள் கையில் கொடுத்து, குனிந்து தொங்கும் மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். நாள் முழுக்க இப்படி வருவதும் போவதும்தான் வேலை. இவர்கள் இருவரின் உயர வித்தியாசத்துக்கு விரிப்பு கோணிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நெட்டை முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்வாள், அக்கா கையைத் தூக்கிப் பிடிப்பாள். பழகிப்போய், அப்படி நிற்கிறோம் என்பதே இருவருக்கும் மறந்துவிட்டது. வாய் மட்டும் ஓயாது. ஒவ்வொரு தடவை கிட்டே வரும்போதும் ஒரு வாக்கியம், அடுத்த தடவை வரும்போது அதற்குப் பதில்.

மூட்டையில் துணி மட்டும் வருவதில்லை. மூக்குக் கண்ணாடி வரும், பல்செட் வரும், ஒரு தடவை உயிரோடு பூனைக்குட்டி வந்தது. எல்லாவற்றையும் தேடிக்கொண்டு ஆள் வந்துவிடும், பூனைக்குட்டியைக்கூடத் தேடி வந்தார்கள். புத்தகத்தைத் தேடி மட்டும் யாரும் வருவதில்லை. அப்படிப் பெண்கள் வார்டிலிருந்து விரிப்புக்குள் சுருண்டு வந்ததுதான் அவர்களுடைய முதல் நாவல். கவனிக்காமல் துவைக்கும் மெஷினுக்குள் போட்டுவிட்டார்கள். பாதி கூழாகிவிட்டது. மீதிப் பாதி பன் ரொட்டி மாதிரி உப்பி வெளியே வந்தது. அக்கா அதைத் தலையணை உறைகளோடு உலர்த்தி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்திருக்கிறாள். ஒரு கல்யாணம் நின்றுபோகிற இடத்தில் பக்கம் தீர்ந்துவிட்டது. ஏன் நின்றது என்று துணி அறையில் ஒரு வாரம் தகராறு.

கடைசியில் அக்கா நூலகத்துக்குப் போய், "கல்யாணம் நின்னுபோற கதைங்க. பொம்பளை எழுதினதாத்தான் இருக்கும். அட்டை கிடையாது, பேரும் தெரியாது, துவைச்சாச்சு" என்று கேட்டிருக்கிறாள். நூலகத்து அம்மா சிரித்து முடித்துவிட்டு, "அது எதுன்னு எனக்குத் தெரியல. ஆனா பொம்பளைங்க எழுதினது ஒரு அலமாரி முழுக்க இருக்கு, எடுக்கத்தான் ஆள் இல்ல" என்றாராம். அவரே சில நாள் கழித்துத் துணி அறைக்கு வந்தார். அவர் சொன்னதை அக்கா இன்றைக்கும் அப்படியே ஒப்பிப்பாள். "கதையில என்ன நடக்குதுன்னு மட்டும் பாக்காதீங்க. யாருக்குப் பேச வாய் இருக்கு, யாருக்கு இல்ல, யாரு நின்னுகிட்டே இருக்கா, யாரு உக்காந்தே இருக்கான்னு பாருங்க. பெண்ணியப் பார்வைன்னு சொல்றது அதைத்தான். பொம்பளைன்னா இப்படி, ஆம்பளைன்னா அப்படின்னு யாரு முடிவு பண்ணினாங்கன்னும் சேத்துக் கேளுங்க. அது பாலினப் பார்வை."

எல்லார் தலையும் ஆடியதே தவிர, எப்படிச் செய்வது என்று தெரியவில்லை. புத்தகமோ ஒன்று. சிலருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அக்காவுக்குத் தெரிந்தது துணி அறை முறை ஒன்றுதான். "மூட்டை வந்தா என்ன பண்றோம்? ஆளுக்கு ஒண்ணுன்னு பிரிச்சுக்கறோம்ல. கதையில இருக்கறவங்களையும் பிரிச்சுக்கலாம்" என்றாள். அப்படிப் பிறந்ததுதான் 'ஆள் எடுப்பது'. ஒவ்வொருத்தியும் கதையில் ஒரு ஆளை எடுத்துக்கொள்வாள். புத்தகம் கைமாறிக் கைமாறி வரும். அவளவள் தன் ஆள் வருகிற இடங்களைத் தேடிப் படித்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அந்த ஆளுக்காகப் பேச வேண்டும். 'என் ஆள்' என்றுதான் சொல்ல வேண்டும். புத்தகத்தில் இருப்பதை மட்டும் சொல்லலாம், சொந்தச் சரக்கு சேர்க்கக் கூடாது. பொம்பளை யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆம்பளை வந்தால் அவனுக்குப் பொம்பளை ஆள்தான்.

இந்தக் கடைசி விதி எனக்கென்றே செய்தது. கூட்டம் நடப்பது என் கடையில். ஆஸ்பத்திரியில் இடம் இல்லை, என் கடையில் ஞாயிறு வேலை இல்லை, பழுது பார்த்துத் தொங்கவிட்ட மின்விசிறிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். "காத்துக்குக் காத்து, கடைக்குக் கடை" என்று அக்கா சாவியை வாங்கிக்கொண்டாள். கடை என்னுடையது, உள்ளே கிடப்பது ஊரார் மோட்டார், அதனால் நானும் ஒரு மூலையில் இருப்பேன். ஒரு நாள் ஓர் ஆள் குறைந்தது. அக்கா புத்தகத்தை என் மடியில் போட்டாள்.

"நீதான் மருமகள்."

"ஏன், அதுல மகன் இருக்கானே, அவனை எடுத்துக்கறேன்."

"ஆம்பளையா இருக்கறதத்தான் தினமும் பண்றியே. இங்கயாவது வேற ஏதாவது பண்ணு."

நான் பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரை. விரல் வைத்துத்தான் படிப்பேன். மெதுவாகப் படிப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. எதையும் தாண்டிப் போக முடியாது. அந்த மருமகள் பாத்திரம் தேய்க்கிற ஒவ்வொரு வரியையும் நானும் கூடவே தேய்த்தேன். ஞாயிறு வந்து பேச நின்றபோது சூடேறிப் போய், 'என் ஆளுக்கு' என்று சொல்ல மறந்து, "எனக்கு அந்த வீட்டுல ஒரு நாளாவது உக்காந்து சாப்பிட நேரம் கிடைச்சுதா?" என்று கத்திவிட்டேன். அந்த நேரம் பார்த்துக் கம்பி வண்டிக்காரன் வாசலில் நின்றிருந்தான். மீதியை மேலே சொல்லிவிட்டேன்.

என் மாமாவும், அதாவது அக்காவின் வீட்டுக்காரரும், ஒரு தடவை மாட்டினார். மாமா பஸ் ஓட்டுகிறவர், அதிகம் பேச மாட்டார். கதையில் வாயே திறக்காத ஒரு கிழவியை அவருக்குக் கொடுத்தார்கள். எழுந்து, "என் ஆள் ஒண்ணும் பேசல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். "ஏன் பேசல?" என்றாள் அக்கா. மாமா ஒரு வாரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு யோசித்துவிட்டு, அடுத்த ஞாயிறு வந்து, "பேசினா யாரு கேக்கப் போறான்னு விட்டிருக்கும்" என்றார். அன்றைக்கு அவருக்குக் கைதட்டல் கிடைத்தது. எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. அதையும் இங்கே பதிவு செய்துவைக்கிறேன்.

அக்காவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பையன் கைக்குழந்தையாக இருந்த நேரத்தில் அவளுக்கு வேறு ஊரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் சரி, மாமா வீட்டிலும் சரி, யாரும் போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை. அவள் போகவில்லை. அப்புறம் ஆஸ்பத்திரிக்குள், நர்ஸாக இல்லாமல் துணி அறை வழியாகப் போனாள். அந்தப் பேச்சை அவள் எடுத்து நான் கேட்டதில்லை.

நெட்டையின் கதை வேறு மாதிரி. அவள் பள்ளிக்கூடம் போகிற வயதில் அவள் அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனார். திரும்பி வரும்போது நெட்டை அம்மாவைவிட உயரம். அம்மாவைப் பற்றி எப்போதாவது பேசுவாள், சிரித்துக்கொண்டேதான் பேசுவாள். அதனால் உள்ளே என்ன இருந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் நூலகத்து அம்மா அந்த நாவலைக் கொடுத்தார். ஒருத்தி, காலையில் வீட்டைக் கூட்டிவிட்டு, துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு, புருஷனையும் ஏழு வயது மகளையும் விட்டுவிட்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விடுகிறாள். மகள் வளர்ந்து வேலைக்குப் போகிற காலத்தில் திரும்பி வந்து வாசலில் நிற்கிறாள். மகள் கதவைத் திறக்கிறாளா என்பதோடு புத்தகம் முடிகிறது. அம்மாவை அக்கா எடுத்துக்கொண்டாள். மகளை நெட்டை கேட்டு வாங்கினாள். எனக்கு வழக்கம்போல பக்கத்து வீட்டு அத்தை.

கூட்டம் நன்றாகத்தான் ஆரம்பித்தது.

"என் ஆள் எழுந்திருச்சுப் பாக்கறா, அம்மா இல்ல" என்றாள் நெட்டை. "மொட்டை மாடில போய்ப் பாக்கறா. பக்கத்து வீட்ல கேக்கறா. தலைய யாரு பின்னி விடறதுன்னு தெரியாம அப்படியே பள்ளிக்கூடம் போறா. சொல்லிட்டாவது போயிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களா? என் ஆள் எத்தனை தடவை அந்த வீட்ல கேட்டுப் பாத்தா. ஒருத்தர் காதுலயாவது விழுந்துதா?"

"அப்ப பொண்ணையும் கூட்டிட்டுப் போகணும்."

"தங்கற இடமே இல்லாத வேலைடி. பொண்ண எங்க வச்சுப்பா, தலையிலயா?"

"அப்ப போகக் கூடாது."

"போகாம இருந்தா உள்ள என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? போனா என்ன ஆகும்னுதான் தெரியும்" என்றாள் நெட்டை. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "நீ மட்டும் அன்னைக்குப் படிக்கப் போயிருந்தேன்னு வை, உன் பையன் இன்னைக்கு உன்னை யாரோ மாதிரி பாத்திருப்பான்."

அக்கா புத்தகத்தை மூடினாள்.

"உங்கம்மா மேல இருக்கற கோவத்த என் ஆள் மேல கொட்டாத" என்றாள்.

நெட்டை செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் முதல் இருவரும் சேர்ந்து மடிக்கவில்லை. அக்கா வேறொருத்தியோடு, நெட்டை இன்னொருத்தியோடு. பழைய பழக்கத்தில் நெட்டை வேண்டியதற்கு மேல் முழங்காலை மடக்குகிறாள், அக்கா தேவையில்லாமல் கையைத் தூக்குகிறாள். விரிப்பெல்லாம் கோணல். வார்டிலிருந்து புகார் வந்தது. அது பெரிய விஷயமில்லை. நெட்டை மேற்பார்வையாளரிடம் போய், அடுத்த மாதத்திலிருந்து தன்னைத் துவைக்கிற பக்கம் மாற்றிவிடச் சொல்லிவிட்டாள். அங்கே போய்விட்டால் அவ்வளவுதான். நடுவில் மெஷின். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க வேண்டிய அவசியமே கிடையாது. அக்காவும் தன் பங்குக்கு, "இந்தப் புத்தகத்தத் திருப்பிக் குடுத்துட்டுக் கூட்டத்த முடிச்சுக்கலாம்" என்று சொல்லியிருந்தாள்.

மாமா கடைக்கு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒரு காயிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"உங்கக்கா வீட்ல என் சட்டைய எல்லாம் ரெண்டு ரெண்டு தடவை மடிக்கிறா, மாப்ள" என்றார். "மடிச்சத எடுத்து உதறிட்டு மறுபடி மடிக்கிறா. போட்டுட்டுப் போக ஒரு சட்டை கிடைக்கல."

"நெட்டையப் போய்ப் பாக்கச் சொல்லுங்க."

"நான் சொன்னேன். என் ஆள் ஒண்ணும் தப்பு பண்ணலங்கறா."

நூலகத்து அம்மாதான் வழி செய்தார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒரு கூட்டம் போடச் சொன்னார். "இன்னும் ஒரு ஆள் பாக்கி இருக்கே, யாருமே எடுக்கல. அந்தப் புருஷன். முழுசாப் படிக்காம எப்படித் திருப்பி வாங்கிக்கறது?" என்றார். அந்தப் புருஷனுக்குக் கதையில் பேச்சே அதிகம் கிடையாது. அதனால் யாருக்கும் அவன் வேண்டாம். அக்காவுக்கு இருந்த மனநிலையில் விதியாவது ஒன்றாவது. புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள். "எடுத்துக்கோ. உன் ஆசையும் தீரட்டும்."

மனதுக்குள் எனக்குக் கொண்டாட்டம். அக்காவின் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும், இத்தனை வருஷம் கழித்து எனக்கு ஒரு ஆம்பளை. பொண்டாட்டி விட்டுவிட்டுப் போனபின் ஒற்றை ஆளாக ஒரு பெண் குழந்தையை வளர்த்தவன். அவனுக்காகப் பேச எவ்வளவு இருக்கும்! ஒத்த ஆளா வளத்தவன் என்று எல்லாரிடமும் பெருமையடித்து, எதிர்க்கடை டயர்க்காரரைக்கூட வந்து கேட்கச் சொல்லிவிட்டேன். என் ஆள் வருகிற பக்கத்திலெல்லாம் அடையாளத்துக்கு ஒரு துண்டு செம்புக் கம்பி வைத்துக்கொண்டே போனேன். கம்பி ஏற ஏற எனக்குள் ஏதோ இறங்கிக்கொண்டே வந்தது.

வீட்டில் என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, உங்க ஆளு எப்படி இருக்காரு?"

"உக்காந்திருக்கான்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். "இப்ப?"

"உக்காந்துதான் இருக்கான்."

"இன்னுமா? இடுப்பு வலிக்கலையா அவருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்தார்கள். நெட்டை வாசலை ஒட்டி உட்கார்ந்தாள், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்கிற மாதிரி. அக்கா இந்தக் கோடியில். டயர்க்காரர் நல்ல இடமாகப் பார்த்து முன்னால் உட்கார்ந்துகொண்டார். நான் எழுந்து தொண்டையைச் செருமினேன்.

"என் ஆள் முதல் தடவை வரும்போது நாற்காலில உக்காந்திருக்காரு. பேப்பர் படிக்கிறாரு."

"நல்லது" என்றார் டயர்க்காரர்.

"அடுத்த தடவை சாப்பிட உக்கார்றாரு. அதுக்கடுத்து சட்டையில பட்டன் இல்லைன்னு சொல்றாரு. அப்புறம் மறுபடி பேப்பர். அப்புறம்..." கம்பி வைத்த பக்கத்தைத் திருப்பினேன். "பொண்டாட்டி போயிட்டா. அன்னைக்குச் சாயங்காலம் வேலையிலேருந்து வர்றாரு. வந்து, 'சாப்பாடு ஆச்சா?'ன்னு கேக்கறாரு."

"யார்கிட்ட?" என்றாள் நெட்டை வாசலிலிருந்து.

"பொண்ணுகிட்ட."

"அவ என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லல. புத்தகப் பையைக் கழட்டி வச்சுட்டு அடுப்பு மேடைக்கு எட்டாம, முக்காலி போட்டு ஏறி நிக்கறா. இது உன் ஆள்தானே, நீ படிச்சிருப்பியே?"

நெட்டை எழுந்து வந்து என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி அந்த இடத்தைப் படித்தாள். உதடு அசைய மறுபடியும் படித்தாள்.

"படிச்சேன்" என்றாள். "படிக்கும்போது அந்த இடத்துல அம்மா இல்லையேங்கறதத்தான் பாத்தேன். இந்தாளு அங்க இருக்கறதே கண்ணுல படல."

"எனக்கு இந்தப் பக்கமே தெரியாது" என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. "என் ஆள்தான் போயிட்டாளே. அவ இல்லாத பக்கத்த எல்லாம் புரட்டிட்டேன்."

நூலகத்து அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நானும் அம்மா பக்கமா, பொண்ணு பக்கமான்னுதான் பாத்துட்டிருந்தேன்" என்றார்.

நெட்டை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, மேல சொல்லு. இதுக்கு அப்புறமாவது உன் ஆளு எழுந்திருச்சானா?"

"வேலைக்குப் போனாருல்ல!"

"போய்ட்டு வந்து?"

"...உக்காந்தாரு."

"தண்ணியாவது எழுந்து போய் எடுத்துக் குடிச்சானா?" இது அக்கா.

கம்பி கம்பியாகத் தேடினேன். "ஒரு இடத்துல தண்ணி வருது. ஆனா கேட்டு வாங்கிக் குடிக்கிறாரு."

கடையே அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு. டயர்க்காரர்கூட, "என்னய்யா இது, ஒரு டம்ளர் தண்ணிகூடவா?" என்று கட்சி மாறிவிட்டார்.

"பொண்ணு அத்தனை வருஷமும் அம்மா ஏன் போனா, அம்மா ஏன் போனான்னு கேக்கறா" என்றாள் நெட்டை. "ஒரு நாளாவது அப்பா ஏன் உக்காந்திருக்காருன்னு கேட்டாளா?"

"யாருக்குக் கேக்கத் தோணுது? நீயும் நானும் கேட்டமா?" என்றாள் அக்கா. சண்டைக்கு அப்புறம் நெட்டையைப் பார்த்து அவள் நேராகச் சொன்ன முதல் பேச்சு அது. சொன்னதும் இருவரும் ஒரு கணம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்கள். பார்த்த பார்வையில் இருவரும் ஒரே பக்கம் வந்துவிட்டார்கள்.

"என்னமோ ஒத்த ஆளா வளத்தான்னு சொன்னியே, எங்க வளத்தான், காட்டு" என்றாள் நெட்டை.

"எந்தப் பக்கம்?" என்றாள் அக்கா.

"அவனுக்காகத்தான இத்தனை கம்பிய சொருகி வச்சிருக்க, ஒண்ணுலயாவது கிடைக்குதா பாரு." இது மறுபடி நெட்டை.

நான் விடவில்லை. என் ஆள், நான்தான் பேச வேண்டும். கடைசிப் பக்கங்களில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். மழை நாளில் மகளுடைய செருப்பு வார் அறுந்துபோகிறது. என் ஆள் கீழே உட்கார்ந்து, வேறு எதுவும் பேசாமல், அதைத் தைத்துக் கொடுக்கிறார். சத்தமாகப் படித்தேன். சிரிப்பு அடங்கியது.

"சரி" என்றாள் அக்கா. "அதையும் கணக்குல சேத்துக்குவோம். செருப்பு தச்சவனுக்குக் கரண்டி பிடிக்க வராதா என்ன? யாரும் அவன் கையில குடுக்கல, அவனும் கேக்கல."

மகள் கடைசியில் கதவைத் திறந்தாளா இல்லையா என்கிற மாதிரி, கதையின் முடிவைக் கேட்டுத்தான் வழக்கமாகக் கூட்டத்தை முடிப்போம். அன்றைக்கு அதை யாரும் கேட்கவில்லை. அக்காவும் நெட்டையும் சமாதானமாகவும் போகவில்லை. ஒருத்தியிடம் ஒருத்தி மன்னிப்புக் கேட்டதாகவும் நான் பார்க்கவில்லை. என் ஆளைத் திட்டிக்கொண்டே இருவரும் ஒன்றாகத் தெருவில் இறங்கிப் போனார்கள். நான் ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். டயர்க்காரர் போகிற போக்கில், "நீ மருமகளாவே இருந்திருக்கலாம்" என்று ஆறுதல் சொன்னார்.

இரண்டு நாள் கழித்துத் துணி அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். உலர்த்தும் மெஷின் மோட்டார் சூடாகி நின்றுபோயிருந்தது. பழைய சுற்றைப் பிரித்துக் கொண்டுபோய், புதுக் காயில் கட்டி எடுத்துவந்து மாட்டினேன். ஓடவிட்டேன். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அந்த மெஷின் ஓடினால் அறையில் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் பாதிதான் கேட்கும்.

எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், மடிக்கிற பக்கத்தில் அக்காவும் நெட்டையும் விரிப்பின் முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நெட்டை முழங்காலை மடக்கி, அக்கா கையை உயர்த்தி. இடமாற்றம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நெட்டை பேசிக்கொண்டிருந்தாள். வழக்கமாக அவள் பேசினால் தெரு வரைக்கும் கேட்கும். அன்று குரலே எழும்பவில்லை. கிட்டே வரும்போது "எங்கப்பா..." என்று ஆரம்பித்தாள், மெஷின் சத்தத்தில் மீதி போய்விட்டது. பின்னால் போய் மறுபடி வரும்போது "அம்மா பிளேன் ஏறின அன்னைக்கு..." என்றாள். அதுவும் போய்விட்டது. எத்தனையோ வருஷப் பழக்கத்தில் அவள் தன் அப்பாவைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டதில்லை. அக்காவும் கேட்டிருக்க மாட்டாள். அடுத்த தடவை கிட்டே வந்தபோது அக்கா முனையைக் கொடுக்கவில்லை. விரிப்பை அப்படியே நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, நெட்டை முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், என்னை அதட்டினாள்.

"டேய், அந்த மெஷினக் கொஞ்ச நேரம் நிறுத்துடா. இவ சொல்றது எனக்குக் கேக்கல."